வயல்வெளி வழியே ஒரு நாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றதும் பலருக்கு மலையும் கொண்டை ஊசி வளைவும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் பல நீண்ட பயணங்களில் பெரும்பகுதி வயல்களுக்கு நடுவேதான் கழிகிறது. இருபுறமும் பயிர், நடுவில் நூல் பிடித்த மாதிரி ரோடு, எதிரே அடிவானம். மேடு பள்ளம் இல்லையே, சுலபமாகப் போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு நிழல் தேடி உட்காரும்போதுதான் கேள்விகள் வர ஆரம்பிக்கும். அப்படி என்னிடம் வந்தவற்றையும், ஆரம்ப நாட்களில் நானே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு நாளில் எத்தனை கி.மீ. போகலாம்?

சுமையோடு, நிதானமாக என்றால் 60 முதல் 100 கி.மீ. புதியவர் முதல் நாள் 50-ல் நிறுத்திக்கொள்வது நல்லது.

கணக்கு இப்படி. பை மாட்டிய சைக்கிள் சமதளத்தில் மணிக்கு 15 கி.மீ. போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ.க்கு ஐந்து மணி இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க, சாப்பிட, பஞ்சர் ஒட்ட, வழி தவறித் திரும்ப, மரத்தடியில் கொஞ்சம் கண்ணயர என்று குறைந்தது மூன்று மணி நேரம் இதோடு சேரும். ஆக, கிட்டத்தட்ட எட்டரை மணி நேரம். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இந்த மூன்று மணி நேரத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஆடாக்ஸ் எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைப்பார்கள். அது வேறு விளையாட்டு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சமதளம்தானே, ஏன் இவ்வளவு களைப்பு?

இறக்கம் இல்லை, அதனால்தான். மலையில் ஏறும்போது உயிர் போகும், சரி. ஆனால் இறங்கும்போது பத்து நிமிடமாவது கால் சும்மா இருக்கும், சீட்டிலிருந்து எழுந்து நிற்போம், கை மாற்றிப் பிடிப்போம். சமவெளியில் அந்த ஓய்வு தானாக வராது. ஒரே தசை, ஒரே உட்காரும் நிலை, ஒரே பிடி, ஐந்து மணி நேரம்.

ஆகவே ஓய்வை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். வலி வந்த பிறகு இறங்குவது பிரயோஜனமில்லை.

எதிர்காற்று அடித்தால் என்ன செய்வது?

வயல்வெளிப் பயணத்தில் காற்றுதான் மலை. மறைக்க மரமோ வீடோ இல்லாத இடத்தில் அது தடையில்லாமல் வந்து மார்பில் மோதும்.

எவ்வளவு மோதும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். காற்றின் தடை, நாம் காற்றைச் சந்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 15 கி.மீ. போகிறீர்கள். இப்போது எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால் சந்திக்கும் வேகம் 30. தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதே 15-ஐ விடாமல் பிடித்தால், காற்றை எதிர்ப்பதற்கு மட்டும் நான்கு மடங்கு உழைப்பு போகும். எனவே வேகத்தைப் பிடிக்காதீர்கள், உழைப்பைப் பிடியுங்கள். கியரைக் குறைத்து, மூச்சு வாங்காத அளவில் மிதித்து, மணிக்கு 10 கி.மீ. வந்தாலும் சரி என்று போங்கள். மீட்டரைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. நான் அதன் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன்.

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, கணக்கு நேராகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. போக 36, வர 36 கி.மீ. காற்றில்லாமல் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் நான்கு மணி நேரம். எதிர்காற்றில் 12, பின்காற்றில் 24 என்று வைத்துப் பாருங்கள்: மூன்று மணியும் ஒன்றரை மணியும் சேர்ந்து நாலரை. எதிர்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம் என்பதால் இந்த நஷ்டம்.

பின்காற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது அடிப்பதே தெரியாது. காது அமைதியாக இருக்கும், சைக்கிள் பறக்கும், ‘இன்று நமக்கு நல்ல தெம்பு’ என்று ஒரு கர்வம் வரும். திரும்பும் இடத்தில் அது இறங்கிவிடும்.

முன்னறிவிப்பில் ‘மேற்குக் காற்று’ என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று, மேற்கு நோக்கிப் போவது அல்ல. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பாதை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன். வழியில் கைபேசி தேவையில்லை. டிராக்டருக்குப் பின்னால் எழும் புழுதி எந்தப் பக்கம் போகிறது, கதிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். வரப்போர மரங்கள் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தால், அந்த ஊரில் பெரும்பாலும் காற்று எந்தத் திசையிலிருந்து என்பதை அவை சொல்லிவிட்டன.

அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்அமெரிக்கா சைக்கிள் பாதை 1976-ல் தொடங்கியது. கிழக்கிலிருந்து மேற்கே போவதா, மேற்கிலிருந்து கிழக்கே போவதா, எது காற்றுக்குத் தோது என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. கான்சாஸ் மாநிலத்துக் கோதுமை வயல்களில் கோடைக்காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும். எந்தப் பக்கம் போனாலும் விலாவில்தான் விழும்.

பக்கக் காற்றில் ஒன்றே ஒன்று கவனம். வரிசை மரங்களோ பெரிய லாரியோ காற்றை மறைக்கும் கணத்தில் சைக்கிள் அந்தப் பக்கம் சாயும், மறைப்பு முடிந்ததும் மறுபக்கம் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், ரோட்டின் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே ஓட்டுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

விடிந்தும் விடியாத நேரத்தில். வெயில் ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம். இரவில் தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்று அசையாமல் படுத்திருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலந்து இறங்கும். பிற்பகலில் உச்சம், மாலையில் மறுபடி அடங்கும். பத்து மணிக்குள் பாதித் தூரத்தை முடித்தவருக்கு மீதி நாள் சுமையாக இருக்காது.

அதிகாலையில் ஓர் ஆபத்தும் உண்டு. சூரியன் தாழ்வாக இருக்கும்போது உங்கள் நிழலைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, அந்தப் பக்கமிருந்து வரும் ஓட்டுநருக்குச் சூரியன் நேரே கண்ணில். நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டீர்கள். பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

நல்ல சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886 இறுதியில் யோக்கஹாமாவில் முடித்து உலகைச் சுற்றிவந்தார். முன்சக்கரம் மட்டும் 50 அங்குலம், கட்டி ரப்பர் டயர், கியர் கிடையாது. காற்றடைத்த டயருக்கு ஜான் டன்லப் காப்புரிமை பெற்றதே 1888-ல்தான்.

உங்கள் சைக்கிளில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: உடம்புக்குப் பொருந்தும் அளவு, சுமை தாங்கும் கேரியர், 32 மி.மீ.க்குக் குறையாத டயர். மண்பாதையும் சேர்ந்து வரும் என்றால் 40. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண் அதிகபட்ச அளவு. அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்பதல்ல. முழுக்க அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரியும். பின்டயரில் கொஞ்சம் கூட, முன்டயரில் கொஞ்சம் குறைய.

எவ்வளவு சுமை?

ஒரு நாளுக்கு என்றால் ஐந்து கிலோவில் அடக்கலாம். கூடாரம், படுக்கை எல்லாம் சேர்ந்தால் பத்து முதல் பதினைந்து. மேலே சொன்ன ஸ்டீவன்ஸ் மழைக்கோட்டையே கூடாரமாகவும் படுக்கையாகவும் வைத்துக்கொண்டார்.

எடையை விட அது உட்காரும் இடம் முக்கியம். கனமானது கீழே, சக்கர அச்சை ஒட்டி, இருபுறமும் சமமாக. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினால் பின்சக்கரத்தில், அதுவும் செயின் பக்கத்தில், ஸ்போக்ஸ் கம்பி ஒடியும். அந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இழுவிசையில் இருப்பவை. அதே நீளத்தில் இரண்டு கம்பியை சைக்கிள் சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

வரைபடத்தில் வயலுக்குள் ஒரு குறுக்குவழி தெரிகிறது. போகலாமா?

முந்தின இரவு மழை பெய்ததா? பெய்திருந்தால் போகாதீர்கள்.

எனக்கு அது நாலு கி.மீ. பாதை, ஐந்து கி.மீ. மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். முதல் நூறு மீட்டர் நன்றாகவே இருந்தது. அப்புறம் கரிசல் களிமண் டயரோடு எழுந்து வர ஆரம்பித்தது. அதன் மேல் வைக்கோல் ஒட்டி, அதன் மேல் மறுபடி மண். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்குக் கெட்டியானதும் சக்கரம் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன், உருளவில்லை. தூக்கலாம் என்று பார்த்தால் மண்ணோடு சேர்த்து எடை இரட்டிப்பு. ஒவ்வொரு செருப்பிலும் ஒரு செங்கல் ஒட்டியது போல இருந்தது. ஒரு குச்சியால் பத்தடிக்கு ஒருமுறை சுரண்டிச் சுரண்டி அந்த நாலு கி.மீ.யைக் கடக்க மூன்று மணி நேரம். தார் ரோட்டில் சுற்றி வந்திருந்தால் ஒன்பது கி.மீ., முக்கால் மணி.

மாட்டிக்கொண்டால், பாதையின் நடுவை விட்டுப் புல் முளைத்த விளிம்பில் தள்ளிப் போங்கள். புல்வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். கியரை மாற்றிப் பார்க்காதீர்கள், மண் அடைத்திருந்தால், கியர் மாற்றும் பாகத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி ஒடிந்துவிடும். காய்ந்த பிறகு மண் தானாக ஓடு ஓடாக உதிரும், எனவே வெயில் இருந்தால் ஒரு மணி நேரம் காத்திருப்பதும் வழிதான்.

பஞ்சர் எத்தனை முறை வரும்?

வயலோரத்தில் எதிரி நெருஞ்சி. அந்தக் காயின் முட்கள் எப்படிப் போட்டாலும் ஒன்று மேலே பார்த்து நிற்கும்படி அமைந்தவை. ரோட்டை விட்டு ஓரமாக ஒதுங்கும்போதுதான் ஏறும், ஆகவே நிற்க வேண்டுமானால் சைக்கிளை உருட்டாமல் தூக்கி வையுங்கள். வேலி கழித்த நாட்களில் ரோட்டிலேயே முள் கிடக்கும்.

ஒட்டத் தெரிந்தவர்களும் செய்யும் தவறு, ஓட்டையை மட்டும் ஒட்டிவிட்டு முள்ளைத் தேடாதது. நான் ஒருமுறை டியூபை அழகாக ஒட்டி மாட்டி, பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி சக்கரம் தரையில் உட்கார்ந்தது. டயருக்குள் விரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டியபோது இன்னும் இரண்டு முள். அதில் ஒன்று வெளியே தெரியவே இல்லை, உள்ளே அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க நகமும் பொறுமையும் போதவில்லை, ஊக்கு வேண்டியிருந்தது.

தேடுவதைச் சுலபமாக்க ஒரு வழி: டயரை மாட்டும்போது அதில் அச்சிட்ட பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். அப்புறம் டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் முள் பெயரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தொட்டி இல்லையென்றால் டியூபில் காற்றடித்து உதட்டருகே கொண்டுபோங்கள். விரலுக்குத் தெரியாத காற்று உதட்டுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன் பளபளப்பு போகும் வரை ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. ஒருமுறை திறந்த சொல்யூஷன் குப்பி அடுத்த மாதம் காய்ந்து போயிருக்கும், திறக்காத ஒன்று பையில் இருக்கட்டும். மாற்று டியூப் இரண்டு.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த தடம் போல இருந்தால் அது முள் இல்லை. காற்று குறைவாக வைத்துக் குழியில் விட்டிருக்கிறீர்கள், ரிம் நசுக்கியிருக்கிறது.

வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

கூடாது. காய்ச்சினாலும் வடிகட்டினாலும் கிருமி போகும். வயலிலிருந்து வடியும் பூச்சிமருந்தும் உர நைட்ரேட்டும் போகாது. நைட்ரேட் விஷயத்தில் காய்ச்சுவது நிலைமையை மோசமாக்கும், நீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடும். வாய்க்காலில் தலையை நனைக்கலாம், துண்டை நனைத்துக் கழுத்தில் போடலாம். மருந்து தெளித்த வயலின் வடிகால் என்றால் அதுவும் வேண்டாம்.

வெயிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வேண்டும். அடுத்த குழாய் இரண்டு மணி நேரம் தள்ளி என்றால் மூன்று பாட்டில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அடிவானத்தில் கூட்டமாக மரம் தெரிந்தால் அங்கே பெரும்பாலும் வீடு இருக்கும், வீடிருந்தால் தண்ணீர் இருக்கும். கேட்டுப் பிடியுங்கள், இல்லையென்று சொன்னவர் அபூர்வம். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்பும் உள்ளே போகட்டும்.

சாப்பாடு?

பசிக்கும் முன். தசையில் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து சில மணி நேரத்துக்குத்தான் வரும், தீர்ந்தால் கால் திடீரென்று வேறு யாருடையதோ போல ஆகிவிடும். முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒன்றிரண்டு வாழைப்பழ அளவு, உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்த நிலை வராது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் அப்புறம் சைக்கிள் நகராது, தூக்கம்தான்.

மக்காச்சோளக் காட்டுக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டுகிறதே?

பிரமை இல்லை. ஓர் ஏக்கர் மக்காச்சோளம் ஒரே நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர் நீரை இலை வழியாக ஆவியாக்கும். ஆளுயரப் பயிர் காற்றையும் மறைத்துவிடுகிறது. வேர்வை உலராது, உடம்பு குளிராது. எதிர்காற்றைத் திட்டியதற்கு இங்கே மனதுக்குள் மன்னிப்பு கேட்பேன். அந்தப் பகுதியை வேகமாகக் கடக்க நினைக்காமல், மெதுவாகவே கடந்து வெளியே வந்து நில்லுங்கள்.

நாற்சந்தியில் நாலு பக்கமும் நன்றாகத் தெரிகிறதே, என்ன பயம்?

தெரிகிறது என்பதுதான் பயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான் என்பது என் எண்ணம்.

திறந்த சமவெளியில் இரண்டு ரோடு செங்குத்தாகச் சந்திக்கின்றன. நீங்கள் ஒரே வேகத்தில் வருகிறீர்கள், குறுக்கு ரோட்டில் ஒரு கார் ஒரே வேகத்தில் வருகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்தியை அடையும் கணக்கில் இருந்தால், ஒருவருக்கு மற்றவர் தெரியும் கோணம் கடைசி வரை மாறாது. கண்ணின் ஓரம் அசைவைத்தான் பிடிக்கும். அசையாமல் ஒரே இடத்தில் மெல்லப் பெரிதாகும் புள்ளியை அது பொருட்படுத்துவதில்லை. இதோடு காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் அதே கோணத்தில் அமைந்துவிட்டால், ஒரு சைக்கிளும் அதில் இருப்பவரும் முழுக்க அதற்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். நொடிக்கணக்கில் இல்லை, கடைசி வரை.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் டொகாச்சி என்று பெரிய விவசாயச் சமவெளி இருக்கிறது. பார்வைக்கு எந்தத் தடையும் இல்லாத அந்தச் சந்திகளில் இப்படி மோதல்கள் நடந்ததால், இதற்கு அங்கே ‘டொகாச்சி வகை விபத்து’ என்றே பெயர்.

மருந்து எளிது. சந்திக்கு நூறு மீட்டர் முன்பே வேகத்தை மாற்றுங்கள். வேகம் மாறினால் கோணம் மாறும், தூணின் மறைவிலிருந்து வெளியே வருவீர்கள். குறுக்கே வரும் வண்டி உங்கள் பார்வையில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் பயமில்லை. நகராமல் நின்றால் பிரேக் பிடியுங்கள், உங்களுக்கு முன்னுரிமை இருந்தாலும். ஆளுயர மக்காச்சோளம் மூடிய சந்தி என்றால் கேட்கவே வேண்டாம், நின்று போவதுதான்.

டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வரும்போது?

ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நாம் உலா போகிறோம். முன்னால் போகும் டிராக்டர் மெதுவானால் முந்தாதீர்கள், அது வயலுக்குள் திரும்பப் போகிறது, பின்னால் இழுத்து வரும் கருவி ரோட்டின் முழு அகலத்துக்கும் வீசித் திரும்பும். சக்கரத்திலிருந்து உதிர்ந்த ஈர மண்ணும், ரோட்டில் சிந்திய தானியமும் சைக்கிளுக்குக் கோலிக்குண்டு மாதிரி. அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், வளைவும் வேண்டாம்.

நாய் துரத்தினால்?

பெரும்பாலான பண்ணை நாய்களுக்கு எல்லை உண்டு. ஓடுவதைத்தான் துரத்தும். வேகத்தில் ஜெயிக்க முடியும் என்று தோன்றினாலும் சுமையோடு முடியாது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்து, கனத்த குரலில் ஒரு அதட்டு, அப்புறம் நடை. ஓட்டம் நின்றதும் அதற்கும் சுவாரஸ்யம் போய்விடும்.

மந்தைக் காவல் நாய் அப்படி இல்லை. ஆடுகளுக்கும் அதற்கும் நடுவே போகாமல், தூரத்திலேயே இறங்கி மந்தையைச் சுற்றிப் போங்கள். கடித்தாலோ பல் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்கு மருத்துவரிடம் போக வேண்டும். பயணத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்பதெல்லாம் கிடையாது.

பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள்.

காற்று உங்கள் பக்கம் வருகிறதென்றால் திரும்பிவிடுங்கள், அல்லது காற்று வரும் பக்கமாகப் போய் நின்று முடியும் வரை காத்திருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், சைக்கிள் ஓட்டுபவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. பாட்டிலின் வாயை மூடி வையுங்கள். மேலே பட்டுவிட்டால் சட்டையை மாற்றி, தோலைச் சோப்பால் கழுவுங்கள்.

இடி மின்னலில் ரப்பர் டயர் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. பல கி.மீ. காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு இரண்டு அங்குல ரப்பர் ஒரு பொருட்டில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணும் நொடியை மூன்றால் வகுத்தால் தூரம் கி.மீ.யில் வரும், ஆனால் இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள்தான். அறுத்த வயலின் நடுவே சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர்தான் அங்கே உயரமான பொருள். தனி மரத்தடி அதை விட மோசம். கட்டடம் அல்லது கூரை மூடிய கார் கிடைத்தால் உள்ளே போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு கிளம்புங்கள். எதுவுமே இல்லையென்றால் சைக்கிள், கம்பிவேலி, பாசனக் குழாய் எல்லாவற்றையும் விட்டு விலகித் தாழ்வான இடத்தில் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள்.

கை மரத்துப் போகிறது, முட்டி வலிக்கிறது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்புற நரம்பு அழுந்துகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், முழங்கையை லேசாக மடித்து வையுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளும்போது கால் நேராக நீண்டால் சரியான உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மாற்றும்போது ஐந்து மி.மீ. மாற்றுங்கள், ஐந்து செ.மீ. அல்ல.

இரவு வயலோரத்தில் கூடாரம் அடிக்கலாமா?

கேட்டுவிட்டு அடிக்கலாம். கேட்க ஆள் இல்லாத இடத்தில் தங்காமல் இருப்பதே மரியாதை. நிற்கும் பயிரில் மட்டுமல்ல, வெறும் புல் போலத் தெரிவதிலும் கால் வைக்காதீர்கள். அது அறுவடைக்கு நிற்கும் தீவனமாக இருக்கும். படல் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். காய்ந்த வாய்க்காலின் தரை படுக்க சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் திறப்பவர் இரவில் திறப்பார்.

அப்புறம், பச்சையாக இருக்கும் இடம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள். சுற்றிலும் தரை காய்ந்து கிடக்க, ஒரு மூலையில் மட்டும் மெத்து மெத்தென்று புல். உரிமையாளரும் ‘அங்கே படுத்துக்கோங்க’ என்று அந்தப் பக்கமாகக் கையைக் காட்டியிருந்தார். இரவு ஒரு மணிக்குத் தூரத்தில் ‘டிக், டிக், டிக்’ என்று சத்தம். ஏதோ பூச்சி என்று புரண்டு படுத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கூடாரத்தின் மேல் வீசியது போல ஒரு அடி, பத்து நொடி அமைதி, மறுபடி ஒரு அடி. தானாக ஓடும் நீர்த்தெளிப்பான். சைக்கிளையும் பையையும் கூடாரத்தையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி இருட்டில் இழுத்துக்கொண்டு ஓடினேன். காலையில் அவர் வந்து பார்த்துவிட்டு, தான் காட்டியது அந்த மூலையை இல்லை, அதற்கு அடுத்திருந்த கொட்டகையை என்றார்.